கர்வ்பால், ஸ்லைடர், ஸ்வீப்பர்: பந்து எங்கே வளைகிறது?

பேஸ்பாலில் பிட்சர் வீசும் பந்து தரையில் படாமலேயே பேட்டரை வந்தடைய வேண்டும். கிரிக்கெட்டுக்குப் பழகிய கண் முதலில் கவனிக்க வேண்டிய வேறுபாடு இதுதான். ஆடுகளத்தில் குத்தி எழும்போது திசை மாறும் வாய்ப்பு கிரிக்கெட் பந்துக்கு உண்டு. வெடிப்பு, ஈரம், பிடிப்பு என்று தரையின் குணமே சுழற்பந்து வீச்சாளருக்குத் துணை நிற்கும். பேஸ்பால் பிட்சருக்கு அப்படியொரு துணை கிடையாது. விரல்களை விட்டுக் கிளம்பிய பந்து எந்த வித்தை காட்டினாலும் காற்றிலேயே காட்டி முடிக்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரமோ அரை நொடிக்கு மேல் இல்லை.

பிட்சரின் கால் தொட்டிருக்கும் ரப்பர் பட்டையிலிருந்து, பேட்டர் பக்கத்தில் நின்று ஆடும் ஹோம் பிளேட் என்ற தரைப்பலகையின் பின்முனை வரை 60 அடி 6 அங்குலம். 1893 முதல் இந்தத் தூரம் மாறவில்லை. பிட்சர் நீண்ட காலடி எடுத்து முன்னால் பாய்ந்து வீசுவதால் பந்து உண்மையில் பறக்கும் தூரம் ஏறத்தாழ 55 அடிதான். மணிக்கு 95 மைல் வேகப் பந்து அதை 0.4 நொடியில் கடந்துவிடுகிறது. மட்டையைச் சுழற்றிப் பந்தைச் சந்திக்கவே சுமார் 0.15 நொடி பிடிக்கும். ஆகவே பந்தைப் பார்த்து, அது எந்த வகை என்று கணித்து, எங்கே வரும் என்று ஊகித்து, அடிப்பதா விடுவதா என்று தீர்மானிக்க பேட்டருக்கு மிஞ்சுவது கால் நொடி.

வளையும் பந்துகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவை எவ்வளவு வளைகின்றன என்பதைச் சுற்றியே நடக்கிறது. தொலைக்காட்சி ஒளிபரப்பில் வீச்சு முடிந்தவுடன் அங்குலக் கணக்கு திரையில் வந்துவிடுகிறது. வளைவு பெரிதாக இருந்தால் வர்ணனையாளரின் குரலும் உயர்கிறது. நெடுநாளாக இந்த ஆட்டத்தைப் பார்த்துவருவதில் எனக்குப் படுவது வேறு. முடிவெடுக்க வேண்டிய கால் நொடி முடியும்வரை முழு வேகத்தில் நேராக வரும் ஃபாஸ்ட்பாலைப் போலவே தோற்றம் காட்டும் பந்து, ஓரளவே வளைந்தாலும், தொடக்கத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் பெரிய வளைவைவிட ஆபத்தானது. ஒவ்வொரு வகையும் எப்படி இயங்குகிறது என்று பார்க்கும்போது இந்தக் கோணத்தை விட்டுவிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

முதலில் ஃபாஸ்ட்பாலைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாப் பந்துகளையும் பேட்டரின் கண் அதோடு ஒப்பிட்டே அளக்கிறது. ஃபாஸ்ட்பாலை விடும் கணத்தில் பிட்சரின் விரல் நுனிகள் பந்தின் பின்புறத்தைக் கீழ்நோக்கி இழுத்துவிடுவதால் பந்து பின்சுழற்சியோடு கிளம்புகிறது. அதன் மேற்பரப்பின் உச்சி பிட்சரை நோக்கியும் அடி பேட்டரை நோக்கியும் நகர்கிறது. இந்தச் சுழற்சி, பந்தைத் தாண்டிச் செல்லும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அதன் எதிர்விளைவாகக் காற்று பந்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் குஸ்டாஃப் மேக்னஸ் 1852-இல் இதை ஆராய்ந்ததால் மேக்னஸ் விசை என்று பெயர் நிலைத்தது. டென்னிஸ் பந்து வளைந்து செல்வதை நியூட்டன் அதற்கும் ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்கு முன்பே கவனித்து எழுதியிருக்கிறார்.

எண்களில் பார்த்தால் இது தெளிவாகும். 0.4 நொடியில் புவியீர்ப்பு எந்தப் பொருளையும் சுமார் 31 அங்குலம் கீழே இறக்கும். நல்ல ஃபாஸ்ட்பாலின் பின்சுழற்சி அதில் 16 அங்குலம் போலத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆகவே பந்து கிளம்பிய திசையிலிருந்து நிகரமாக இறங்குவது 15 அங்குலம் மட்டுமே. ஃபாஸ்ட்பால் மேலே எழுந்து வந்தது என்று பேட்டர்கள் சொல்வது இதனால்தான். எந்த ஃபாஸ்ட்பாலும் உண்மையில் எழுவதில்லை. அவர்களின் மூளை எதிர்பார்த்த அளவுக்கு அது விழாமல் வருகிறது, அவ்வளவுதான்.

கர்வ்பால் இதை அப்படியே தலைகீழாக்குகிறது. பிட்சர் நடுவிரலைத் தையலை ஒட்டி அழுத்தி, கட்டைவிரலை எதிர்ப்புறத்தில் தாங்கலாக வைத்து, உள்ளங்கை தன் தலையைப் பார்க்கும்படி மணிக்கட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு, விரல்கள் பந்தின் முன்புறத்தை மேலிருந்து கீழாக இழுக்கும்படி விடுகிறார். பந்து முன்சுழற்சியோடு கிளம்புகிறது. மேக்னஸ் விசை இப்போது புவியீர்ப்போடு கூட்டுச் சேர்ந்து கீழ்நோக்கித் தள்ளுகிறது. மணிக்கு 78 மைல் வேகத்தில் வரும் கர்வ்பாலுக்குப் பயண நேரம் அரை நொடி. அந்த நேரத்தில் புவியீர்ப்பு மட்டும் 48 அங்குலம் இறக்கும். சுழற்சி இன்னும் 12 அங்குலம் சேர்த்தால் மொத்தம் 5 அடி. ஒரே திசையில் ஃபாஸ்ட்பாலும் கர்வ்பாலும் கிளம்பினால், ஹோம் பிளேட்டை அடையும்போது இரண்டுக்கும் இடையே 45 அங்குல உயர வேறுபாடு இருக்கும். பேட்டரின் மார்புக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட தூரம் என்று இதை எண்ணிக்கொள்ளலாம்.

ஆனால் இரண்டும் ஒரே திசையில் கிளம்ப முடியாது என்பதில்தான் கர்வ்பாலின் பலவீனம் இருக்கிறது. 6 அடி உயரத்தில் கையை விட்டுக் கிளம்பி 2 அடி உயரத்தில் ஸ்ட்ரைக் பகுதிக்குள் (ஹோம் பிளேட்டுக்கு மேலே, பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட வெளிக்குள்) வந்து சேர வேண்டுமானால் பந்து 4 அடிதான் இறங்கலாம். அதுவோ 5 அடி விழக்கூடியது. எனவே பிட்சர் அதைச் சற்று மேல்நோக்கியே விட்டாக வேண்டும். ஃபாஸ்ட்பாலோ கையை விடும்போதே கீழ்நோக்கிச் சாய்ந்து வருகிறது. இரண்டின் தொடக்கக் கோணங்களுக்கும் இடையே தோராயமாக 3 டிகிரி வேறுபாடு வருகிறது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்த 3 டிகிரியை அனுபவமுள்ள பேட்டர் உடனே பிடித்துவிடுவார். பிட்சரின் கையை விட்டதும் பந்து ஒரு கூன் போல மேலெழும்பினால் அது கர்வ்பால் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. பெரிய கர்வ்பால்களை வீசியவர்கள் இந்தக் கூனை மறைக்க ஃபாஸ்ட்பாலை ஸ்ட்ரைக் பகுதியின் மேல்விளிம்பில் வீசுவதை வழக்கமாக்கிக்கொண்டதன் காரணமும் இதுதான்: மேலே போகும் ஃபாஸ்ட்பாலும் கீழே விழப்போகும் கர்வ்பாலும் தொடக்கத்தில் ஒன்றுக்கொன்று நெருங்கிய பாதையில் வரும்.

கர்வ்பாலைக் கண்டுபிடித்தவர் யார் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. புரூக்ளினில் விளையாடிய கேண்டி கம்மிங்ஸ், சிறுவனாகக் கடற்கரையில் சிப்பி ஓடுகளை எறிந்து அவை வளைவதைப் பார்த்து யோசனை பெற்றதாகவும், 1867-இல் ஹார்வர்ட் அணிக்கு எதிராக அதை ஆட்டத்தில் பயன்படுத்தியதாகவும் சொன்னார். அந்தப் பெருமைக்காகவே 1939-இல் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இடம் கிடைத்தது. அதே பெருமைக்கு உரிமை கோரிய இன்னொரு பிட்சர் ஃபிரெட் கோல்ட்ஸ்மித்தின் ஆதரவாளர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. எனக்கு இந்த வழக்கில் பெரிய அக்கறை இல்லை; சுழன்ற பந்து வளையும் என்பதைப் பலர் பல இடங்களில் தனித்தனியே கண்டிருக்கத்தான் வேண்டும்.

அதைவிடச் சுவையானது, பந்து உண்மையிலேயே வளைகிறதா அல்லது அது வெறும் கண்மாயமா என்ற இன்னொரு சண்டை. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைகூட அமெரிக்காவின் பெரிய பத்திரிகைகள் புகைப்படங்களை வைத்துக்கொண்டு இதை விவாதித்தன. 1959-இல் லைமன் பிரிக்ஸ் காற்றுச் சுரங்கத்தில் சோதனை செய்து விவாதத்துக்கு எண்களைக் கொடுத்தார். அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அமைப்பின் இயக்குநராக இருந்து ஓய்வுபெற்ற இந்த பிரிக்ஸ்தான், 1939-இல் அதிபர் ரூஸ்வெல்ட் அமைத்த யுரேனியக் குழுவுக்கும் தலைமை வகித்தவர். எண்பது வயதைத் தாண்டிய பிறகு அவர் பேஸ்பாலைக் கையிலெடுத்தார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. ஹோம் பிளேட்டை அடைவதற்குள் பந்து 17.5 அங்குலம் வரை பக்கவாட்டில் விலக முடியும் என்று அவர் கண்டார். ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம்.

எனினும் கண்மாயம் என்று சொன்னவர்கள் முழுக்கத் தவறு செய்துவிடவில்லை. பந்து வளைவது உண்மை. அது கடைசியில் சட்டென்று ஒடிந்து விழுவதாகத் தெரிவதுதான் மாயம். பந்தின் மீது செயல்படும் விசை பயணம் முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கிறது. அப்படியானால் விலகல் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். 16 அங்குலம் விலகும் ஒரு பந்தை எடுத்துக்கொண்டால், பாதி நேரம் கழியும்போது அது விலகியிருப்பது 4 அங்குலம். முக்கால் நேரம் கழியும்போது 9 அங்குலம். மிச்சமுள்ள 7 அங்குலமும் கடைசிக் கால்பகுதியில் நடந்தேறுகிறது. பேட்டர் முடிவெடுத்தாக வேண்டிய கட்டத்தில் அவர் பார்த்திருப்பது மூன்றில் ஒரு பங்கு வளைவை மட்டுமே. மீதியை அவர் ஊகிக்க வேண்டும். இதற்கு மேல், நேராகப் பார்க்கும் பந்து பார்வையின் ஓரத்துக்கு நழுவும்போது சுழற்சியையும் நகர்ச்சியையும் மூளை குழப்பிக்கொள்கிறது; ஆர்தர் ஷாப்பிரோ குழுவினர் இந்தக் குழப்பத்தைத் திரையில் காட்டும் ஒரு மாயக்காட்சியை உருவாக்கி 2009-இல் அதற்கான போட்டியில் முதல் பரிசு பெற்றார்கள். ஆக, சீராக வளைந்து வரும் பந்தை ஒடித்துக் காட்டுவது பேட்டரின் கண்தான்.

கர்வ்பால் எவ்வளவு கொடூரமாக இருக்க முடியும் என்பதற்கு 2006 அக்டோபர் 19-ஆம் நாளைத்தான் நான் முதலில் சொல்வேன். நியூயார்க்கின் ஷே மைதானம், நேஷனல் லீக் சாம்பியன்ஷிப்பின் ஏழாவது ஆட்டம், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 3–1 என்று முன்னிலையில் இருக்கிறது. நியூயார்க்கின் மெட்ஸ் அணியின் ஆட்டக்காரர்கள், ஓட்டம் எடுக்கக் கடக்க வேண்டிய மூன்று பேஸிலும் நிற்கிறார்கள். இரண்டு பேர் அவுட். அந்த ஆண்டு அக்டோபர் ஆட்டங்களில் கார்டினல்ஸின் பந்துகளை வெளுத்துக்கொண்டிருந்த கார்லோஸ் பெல்ட்ரான் மட்டையோடு நிற்கிறார். வீசுபவர் ஆடம் வெயின்ரைட் என்ற புதியவர். பெல்ட்ரானுக்கு எதிராக இரண்டு ஸ்ட்ரைக்குகள் ஏற்கெனவே விழுந்துவிட்டன; மூன்று விழுந்தால் பேட்டர் அவுட். மூன்றாவது பந்து கர்வ்பால். பெல்ட்ரானின் மட்டை தோளை விட்டு அசையவே இல்லை. நடுவர் ஸ்ட்ரைக் என்றார். மெட்ஸின் ஆண்டு அங்கே முடிந்தது.

பெல்ட்ரான் அசையாமல் நின்றதைப் பல ஆண்டுகள் நியூயார்க் ரசிகர்கள் குற்றமாகவே பேசினார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. மெதுவாக ஓடும் மறுகாட்சியில் பந்து கையை விட்டதும் மேலெழும்புவது தெரிகிறது. அந்த உயரத்தில் வரும் பந்து ஸ்ட்ரைக் பகுதிக்கு மேலேயே போய்விடும் என்றுதான் எந்தக் கண்ணும் சொல்லும். அது கர்வ்பால் என்று தெரிந்தபோதும், எங்கே போய் இறங்கும் என்று கணிக்க வேண்டிய கால் நொடி கழிந்துவிட்டிருக்கும். கூன் காட்டிக்கொடுக்கும் என்று மேலே சொன்னேன். காட்டிக்கொடுத்த பிறகும் வெல்லும் அளவுக்கு நல்ல கர்வ்பால்கள் சில உண்டு. சாண்டி கூஃபாக்ஸ், பெர்ட் பிளைலெவன், கிளேட்டன் கெர்ஷா ஆகியோருடையவை அப்படிப்பட்டவை.

ஸ்லைடர் வேறு ஜாதி. இங்கே சுழல் அச்சு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஃபாஸ்ட்பாலிலும் கர்வ்பாலிலும் அச்சு பந்து போகும் திசைக்கு ஏறத்தாழக் குறுக்காகக் கிடக்கிறது. அதனால் சுழற்சியின் பெரும்பகுதி மேக்னஸ் விசையாகப் பயன்படுகிறது. தூய ஸ்லைடரின் அச்சோ பந்து போகும் திசையையே பார்க்கிறது. துப்பாக்கிக் குண்டு திருகிக்கொண்டு போவதைப் போலப் பந்து போகிறது. அச்சும் பயணத் திசையும் ஒன்றாகிவிட்டால் மேக்னஸ் விசை இல்லை. நிமிடத்துக்கு 2400 சுற்றுச் சுற்றினாலும் அதில் பெரும்பகுதி பந்தை எந்தப் பக்கமும் தள்ளுவதில்லை.

அப்படியானால் ஸ்லைடர் ஏன் விழுகிறது? ஃபாஸ்ட்பாலுக்குக் கிடைத்த 16 அங்குலத் தூக்கல் அதற்குக் கிடைக்காததால்தான். மணிக்கு 86 மைல் வேக ஸ்லைடர் புவியீர்ப்பால் மட்டும் சுமார் 37 அங்குலம் இறங்குகிறது. ஃபாஸ்ட்பால் இறங்கியது 15 அங்குலம். 22 அங்குல வேறுபாட்டை ஸ்லைடர் தன் சுழற்சியால் உண்டாக்கவில்லை, ஃபாஸ்ட்பாலைப் பார்த்துப் பழகிய கண்ணின் எதிர்பார்ப்பே உண்டாக்குகிறது. மேலும் அதன் தொடக்கக் கோணம் ஃபாஸ்ட்பாலிலிருந்து ஒன்றரை டிகிரிக்கும் குறைவாகவே வேறுபடுகிறது. கூன் பெரிதாகத் தெரிவதில்லை. வேகமும் எட்டு ஒன்பது மைல்தான் குறைவு. முடிவெடுக்கும் நேரம் முடியும்வரை ஃபாஸ்ட்பால் வேடம் கலையாமல் வந்து, அதன் பிறகு மட்டைக்குக் கீழே போய்விடுகிறது. ஸ்லைடரை நான் கர்வ்பாலைவிடக் கொடியதாக நினைப்பதற்குக் காரணம் இதுவே, பார்ப்பதற்குக் கர்வ்பால்தான் அழகு என்றாலும்.

ஸ்லைடரின் நுட்பம் இன்னொன்றும் உண்டு. பந்து கீழே விழ விழ அதன் பயணத் திசை சாய்கிறது. சுழல் அச்சோ தொடங்கிய திசையிலேயே நிற்கிறது. இரண்டும் முதலில் ஒன்றாக இருந்தாலும் போகப்போகப் பிரிகின்றன. பிரிந்த அளவுக்குச் சிறிது பக்கவாட்டு விசை பிறக்கிறது. எல்லாப் பந்துகளிலும் விசை சீராக இருக்கிறது என்று மேலே சொன்னதற்கு இது ஒரு சிறிய விலக்கு. சில அங்குலங்களுக்கு மேல் இதனால் கிடைக்காது. ஆனால் கிடைப்பது பேட்டர் முடிவெடுத்த பிறகு கிடைக்கிறது. மட்டையின் தடித்த பகுதியில் படவேண்டிய பந்தை நுனிக்குத் தள்ள இரண்டு அங்குலம் போதும்.

பேட்டருக்கு ஒரே ஒரு துப்பு உண்டு. அச்சின் முனை அவரை நோக்கியே இருப்பதால், அந்த முனையைச் சுற்றிச் சிவப்புத் தையல் வட்டமடித்து, வெள்ளைப் பந்தின் முகத்தில் ஒரு சிவப்புப் புள்ளி போலத் தெரியும். நல்ல பேட்டர்கள் இந்தப் புள்ளியைத் தேடுவார்கள். தேர்ந்த பிட்சர்கள் விரல்களைத் தையலின் மீது வேறு இடத்தில் வைத்து அந்தப் புள்ளி உருவாகாமலே செய்துவிடுவதும் உண்டு.

பிடி எளிமையானது. சுட்டுவிரலையும் நடுவிரலையும் பந்தின் மையத்திலிருந்து வெளிப்பக்கம் சற்றுத் தள்ளி வைத்து, ஃபாஸ்ட்பாலைப் போலவே கையைச் சுழற்றி வீசி, கடைசிக் கணத்தில் விரல்கள் பந்தின் பக்கத்தை உரசிக்கொண்டு நழுவும்படி விட வேண்டும். விரல்கள் பின்புறமே நின்றுவிட்டால் பந்து கட்டர் என்ற, சற்றே நகரும் ஃபாஸ்ட்பாலாகிவிடும். முன்புறம் அதிகமாக வந்துவிட்டால் மந்தமான கர்வ்பாலாகிவிடும். எல்லைகள் இவ்வளவு மங்கலாக இருப்பதால், ஒரே பந்தை ஒருவர் ஸ்லைடர் என்பார், மற்றவர் ஸ்லைடருக்கும் கர்வ்பாலுக்கும் இடைப்பட்ட ஸ்லர்வ் என்பார்.

அண்மைக் காலத்தில் எல்லோரும் பேசுவது ஸ்வீப்பர். ஸ்லைடரின் அச்சைத் திருப்பி, பந்து பக்கவாட்டில் சுழலும்படி செய்தால், விழுவது குறைந்து விலகுவது கூடும். 15 அங்குலமும் அதற்கு மேலும் குறுக்காகப் போகும். மேக்னஸ் விசை மட்டுமே இதைச் செய்வதில்லை. பந்தின் தையல் பரப்பிலிருந்து சற்று மேலெழுந்திருக்கிறது. சுழலும்போது ஒரு பக்கத்தில் மட்டும் தையல் அடிக்கடி ஒரே இடத்தைக் கடந்தால், அங்கே காற்று பந்தின் பரப்பை விட்டு முன்கூட்டியே பிரிந்துவிடுகிறது. பந்துக்குப் பின்னால் உருவாகும் காற்றுக் கலக்கம் ஒரு பக்கம் சாய்கிறது. பந்து எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் ஸ்மித் இதை ஆராய்ந்து விளக்கிய பிறகு, சுழற்சி எத்தனை என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த பயிற்சியாளர்கள் தையல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் கேட்கத் தொடங்கினார்கள். பந்துகளின் பாதையை அளக்கும் ஸ்டாட்காஸ்ட் அமைப்பு 2023 முதல் ஸ்வீப்பரைத் தனி வகையாகவே பதிவுசெய்கிறது.

அந்த ஆண்டு மார்ச் 21 அன்று மயாமியில் நடந்த உலக பேஸ்பால் கிளாசிக் இறுதி ஆட்டம் ஸ்வீப்பரைப் பேஸ்பால் தெரியாதவர்களுக்கும் அறிமுகப்படுத்தியது. ஜப்பான் 3–2 என முன்னிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட். ஏஞ்சல்ஸ் அணியில் ஒன்றாக ஆடிக்கொண்டிருந்த ஷோஹெய் ஓட்டானியும் மைக் டிரவுட்டும் எதிரெதிரே நின்றார்கள். மணிக்கு 100 மைலை ஒட்டியும் தாண்டியும் ஓட்டானி ஃபாஸ்ட்பால்களை வீசினார். மூன்று பால் (ஸ்ட்ரைக் பகுதிக்கு வெளியே போய், பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து), இரண்டு ஸ்ட்ரைக் என்று கணக்கு நிறைந்தது. அடுத்து வந்தது மணிக்கு 87 மைல் ஸ்வீப்பர். டிரவுட் சுழற்றினார், பந்து மட்டைக்கு எட்டாமல் வெளியே போய்விட்டது. வளைவு பெரிதுதான். ஆனாலும் அதற்கு முன் வந்த ஃபாஸ்ட்பால்கள் இல்லாமல் அந்த வளைவுக்கு அவ்வளவு மதிப்பு இருந்திருக்காது என்பதே என் கணிப்பு.

ஸ்வீப்பர் மோகம் சற்று அளவு மீறிவிட்டது என்றும் நினைக்கிறேன். வலக்கைப் பிட்சரின் ஸ்வீப்பர் வலக்கை பேட்டரை விட்டு விலகி ஓடுகிறது. அங்கே அது சிறந்த ஆயுதம். இடக்கை பேட்டருக்கோ அது வெளியிலிருந்து உள்ளே அவரை நோக்கியே வருகிறது. கிளம்பும் இடத்திலிருந்தே முழுப் பாதையும் கண்ணுக்குத் தெரிகிறது. அப்படிப்பட்ட பேட்டருக்கு நேரே விழும் ஸ்லைடரோ கர்வ்பாலோதான் தொல்லை தரும், ஏனென்றால் கீழே விழுவதற்கு வலம் இடம் என்ற பேதம் இல்லை.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கட்டர் பெரும்பாலும் ஃபாஸ்ட்பால் குடும்பத்திலேயே சேர்க்கப்படுகிறது. சில அங்குலங்களே நகரும். மரியானோ ரிவேரா ஏறத்தாழ இந்த ஒரு பந்தை மட்டும் வைத்துக்கொண்டு 652 சேவ் (முன்னிலையில் உள்ள ஆட்டத்தைக் கடைசியில் வீசிக் காப்பாற்றுவது) எடுத்து, 2019-இல் வாக்களித்த அனைவரின் ஆதரவோடும் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்த முதல் ஆட்டக்காரரானார். அவர் முறித்த இடக்கை பேட்டர்களின் மட்டைகளுக்குக் கணக்கே இல்லை. ஸ்க்ரூபால் எதிர்த்திசையில் வளைவது. 1934 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் இடக்கைக்காரர் கார்ல் ஹப்பெல் அதைக் கொண்டு பேப் ரூத், லூ கெரிக், ஜிம்மி ஃபாக்ஸ், அல் சிம்மன்ஸ், ஜோ குரோனின் ஐவரையும் அடுத்தடுத்து அவுட்டாக்கினார். 1981-இல் பெர்னாண்டோ வலென்சுவேலாவும் அதை நம்பியே புகழ்பெற்றார். இன்று அதை வீசுபவர்கள் மிக அரிது. நக்கிள்பால் இந்த வகைப்பாட்டுக்குள் அடங்காதது: சுழற்சியே ஏறத்தாழ இல்லாமல் வீசப்படுவதால், தையல் மெல்லத் திரும்பும்போதெல்லாம் காற்றின் தள்ளல் பக்கம் மாறுகிறது, எங்கே போகும் என்பது வீசியவருக்கும் தெரியாது. அதைக் கொண்டு ஆர்.ஏ. டிக்கி 2012-இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றார்.

எந்த வகையானாலும் காற்று அடர்த்தியாக இருந்தால்தான் வேலை நடக்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 5200 அடி உயரத்தில் உள்ள டென்வரின் கூர்ஸ் ஃபீல்டில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்குக்கு நெருக்கமாகக் குறைவதால் கர்வ்பாலின் வளைவும் அதே விகிதத்தில் சுருங்குகிறது. துப்பாக்கிக் குண்டைப் போலச் சுழலும் ஸ்லைடருக்கு அங்கே இழப்பு குறைவு, அது தொடக்கத்திலிருந்தே காற்றை அதிகம் நம்பியிருக்கவில்லை. விரல்களின் பிடிப்பும் அதேபோல முக்கியம்: 2021 ஜூனில் ஒட்டும் பசைகளுக்கு எதிரான விதியை நடுவர்கள் கறாராக அமல்படுத்தத் தொடங்கியதும் லீக் முழுவதும் சுழற்சி வேகங்கள் இறங்கின.

சுழற்சி சரியாகக் கிடைக்காத வளையும் பந்தைப் போல அடிப்பதற்கு எளிதானது வேறில்லை. வேகம் ஃபாஸ்ட்பாலைவிடக் குறைவு, விழவும் இல்லை. ஸ்ட்ரைக் பகுதியின் நடுவில் தொங்கிக்கொண்டு வரும். ஆனால் சரியாக வளைந்த பந்தையும் அடிக்க முடியும், பேட்டருக்கு முன்பே தெரிந்திருந்தால். அமெரிக்காவின் முதன்மைப் போட்டியான மேஜர் லீக்கின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் 1988 முதல் ஆட்டத்தில் இரண்டு கால்களிலும் காயத்தோடு நொண்டிக்கொண்டு வந்த கர்க் கிப்சன், டெனிஸ் எக்கர்ஸ்லியின் ஸ்லைடரை ஹோம் ரன் அடித்து டாட்ஜர்ஸுக்கு 5–4 வெற்றி தேடித் தந்தார். இடக்கை பேட்டர்களுக்கு எதிராகக் கணக்கு 3–2 (மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்) ஆனால், வெளியே கிளம்பி வெளிவிளிம்பை வந்து தொடும் ஸ்லைடரை எக்கர்ஸ்லி வீசுவார் என்று எதிரணிகளை வேவு பார்க்கும் டாட்ஜர்ஸ் சாரணர் மெல் டிடியர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். கணக்கு 3–2 ஆனது. அந்த ஸ்லைடரே வந்தது.

அந்தக் காலத்தில் 3–2 கணக்கில் ஃபாஸ்ட்பால் வரும் என்பதுதான் பொது வழக்கம். கட்டுப்பாடு தவறினால் பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்குப் போய்விடுவார் என்ற பயத்தில் வளையும் பந்தை அங்கே வீச யாரும் துணியமாட்டார்கள். இன்று மேஜர் லீக்கில் ஃபாஸ்ட்பாலின் பங்கு ஆண்டுக்காண்டு குறைந்து, ஸ்லைடரும் ஸ்வீப்பரும் எந்தக் கணக்கிலும் வருகின்றன. இதனால் பேட்டர்களின் எதிர்பார்ப்பும் நகர்ந்திருக்கிறது: இரண்டு ஸ்ட்ரைக்குகள் விழுந்த பிறகு ஸ்லைடருக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு எதிராக, முன்பு சாதாரணமாகக் கருதப்பட்ட மணிக்கு 92 மைல் ஃபாஸ்ட்பாலை ஸ்ட்ரைக் பகுதியின் மேல்விளிம்பில் வீசி, அவரை அசையாமல் நிற்கவைக்கும் பிட்சர்களை இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது.